ஐப்பசி மழை: கிணற்றுக்கு ப்ளீச்சிங் பவுடர் போடும் முறை

வடகிழக்குப் பருவமழைக் காலம். வயல், சாக்கடை, கழிவுத்தொட்டி எல்லாவற்றையும் அலசிக்கொண்டு ஓடும் தண்ணீர் கிணற்றிலும் இறங்கும். காலரா, டைபாய்டு, மஞ்சள் காமாலை, வயிற்றுப்போக்கு ஆகியவை குடிநீர் வழியே வீட்டுக்குள் நுழையும் நாட்கள் இவை. ப்ளீச்சிங் பவுடரைக் கிணற்றில் தூவிவிட்டுப் போனால் போதாது. அளந்து, கரைத்து, காத்திருக்க வேண்டும்.

வெளுப்பும் கிருமிநாசமும்

1799-இல் கிளாஸ்கோவில் சார்லஸ் டென்னன்ட் சுண்ணாம்பில் குளோரினை ஏற்றிய இந்தப் பொடிக்குக் காப்புரிமை பெற்றது துணி வெளுக்கத்தான். அதுவரை துணியைப் பெரும்பாலும் மாதக்கணக்கில் வெயிலில் விரித்து வெளுத்தார்கள். பொடி தண்ணீரில் கரைந்ததும் ஹைப்போகுளோரஸ் அமிலம் உண்டாகிறது. அது கறையின் நிற மூலக்கூறை ஆக்ஸிஜனேற்றத்தால் உடைப்பதால் துணி வெளுக்கிறது. கிருமியின் உறையையும் நொதிகளையும் அதே வழியில்தான் சிதைக்கிறது. தண்ணீரில் சேறும் சருகும் இருந்தால் குளோரின் அவற்றிலேயே தீர்ந்துவிடும், கிருமிக்கு மிஞ்சாது.

இப்போது செய்ய வேண்டியவை

1. வெள்ளம் புகுந்த கிணற்றை முதலில் இறைத்துச் சுத்தம் செய்யுங்கள். புது ஊற்று தெளிந்தபின் மருந்திடுங்கள்.

2. பவுடரை முகர்ந்து பாருங்கள். நெடி இல்லாமல் கட்டி தட்டியிருந்தால் வீரியம் போயிற்று. ஈரமும் வெயிலும் படாமல், இறுக மூடிய பிளாஸ்டிக் டப்பாவில் வையுங்கள்.

3. விட்டம் × விட்டம் × நீரின் ஆழம் (மூன்றும் மீட்டரில்) × 785 என்று பெருக்கினால் லிட்டர் கணக்கு வரும். 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் நல்ல பவுடர். 3 மீட்டர் விட்டமும் 3 மீட்டர் நீரும் உள்ள கிணற்றில் சுமார் 21,000 லிட்டர் இருக்கும். 53 கிராம் போதும்.

4. வாளியில் பவுடரைக் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கூழாகக் குழைத்து, முக்கால் வாளி வரை தண்ணீர் ஊற்றிக் கலக்குங்கள். பத்து நிமிடத்தில் சுண்ணாம்பு அடியில் படியும். மேலே நிற்கும் தெளிவை மட்டும் வேறு வாளிக்கு இறுத்து, வண்டலைக் கிணற்றில் சேர்க்காமல் கொட்டிவிடுங்கள்.

5. தெளிநீர் வாளியைக் கயிற்றில் கட்டி நீருக்குள் இறக்கி, மேலும் கீழும் பக்கவாட்டிலும் அசைத்துக் கலந்துவிடுங்கள். இரவு கடைசிக் குடம் எடுத்தபின் செய்வது நல்லது. குறைந்தது ஒரு மணி நேரம் யாரும் தண்ணீர் எடுக்கக் கூடாது.

6. கையுறை, முகக்கவசம் கட்டாயம். பாத்ரூம் ஆசிட்டோடு ஒருபோதும் கலக்காதீர்கள். நுரையீரலைத் தாக்கும் குளோரின் வாயு கிளம்பும்.

காலையில், நீரில் மிஞ்சியுள்ள குளோரினை அளக்கும் குளோரோஸ்கோப் கருவியில் சோதியுங்கள். நீர் மஞ்சளாகி லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் குளோரின் காட்ட வேண்டும். அதற்குக் குறைந்தால் மறுபடி மருந்திட வேண்டும். கருவி இல்லாவிட்டால் ஊராட்சியிலோ சுகாதார ஆய்வாளரிடமோ கேளுங்கள். முதல் குடத்தில் லேசாக மருந்து வாடை வந்தால் முகம் சுளிக்காதீர்கள். பிள்ளைகள் குடிக்கும் தண்ணீருக்கு அதுதான் காவல்.