உடலின் வரவு செலவும் பிள்ளைப்பேறும்

கோயிலுக்கு வரும் இளந்தம்பதியரிடம் "என்ன, இன்னும் விசேஷம் ஒன்றுமில்லையோ?" என்று கேட்பது எம்மவர் வழக்கம். அந்தக் கேள்வி பெரும்பாலும் பெண்ணிடமே போய் முடிகிறது. நாம் வைத்தியரல்லர், கணக்கெழுதுபவர்கள். ஆயினும் இவ்விடயத்தை ஒரு வரவு செலவுக் கணக்காகப் பார்த்தால் பலருக்கும் விளங்கும் என எண்ணுகிறோம்.

வருமானம் குறைந்த வீட்டில் வாடகையும் அரிசியும் முதலில் நிற்கும். வீடு வாங்கும் எண்ணம் பின்னுக்குப் போகும். உடலும் அப்படியே. உணவு வரவு, இதயம், மூளை, உடற்சூடு, அன்றாட வேலை யாவும் செலவு. மிச்சம் போதாவிடில் கருவுறுதலை உடல் தள்ளிவைக்கிறது. 1994 இல் கண்டறியப்பட்ட லெப்டின் என்னும் ஹோர்மோன் கொழுப்புக் கலங்களிலிருந்து சுரந்து, கையிருப்பு எவ்வளவு என மூளைக்கு அறிவிக்கிறது. அது குறைந்தால் மூளை சூலகத்துக்கு அனுப்பும் கட்டளை தளர்ந்து, மாதவிடாய் ஒழுங்கு தவறும், நின்றும் விடலாம்.

1944 - 45 குளிர்காலத்தில், ஜேர்மனியரின் பிடியிலிருந்த மேற்கு நெதர்லாந்தில் பஞ்சம் வந்தது. நகரங்களில் ஒருவருக்கான பங்கீடு நாளொன்றுக்கு 1000 கலோரிக்கும் கீழே போயிற்று. பல பெண்களுக்கு மாதவிடாய் நின்றது. ஒன்பது மாதம் கழித்துப் பிறப்புகள் வெகுவாகக் குறைந்தன. 1945 மே மாதம் விடுதலையோடு உணவு வந்தது, கருவுறுதலும் மீண்டது.

கையிருப்பு அளவுக்கு மிஞ்சினாலும் கணக்குப் பிழைக்கும். உடற்பருமனால் இன்சுலின் கூடி, சினைமுட்டை வெளிவருவது தடைப்படலாம். அத்தகைய பெண்கள் பலருக்கு நிறையில் 5 முதல் 10 வீதம் குறைந்தாலே பயன் கிட்டுகிறது. ஆண்களின் பருமனும் விந்தின் தரத்தைக் குறைக்கக்கூடும்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. மெலிய வேண்டுமென்று உணவைக் குறைத்து, ஓட்டப் பயிற்சியும் செய்து, கந்தசஷ்டி விரதமும் பிடிக்கும் மகளுக்கு மூன்று மாதம் மாதவிடாய் வராவிடில், "கரைச்சல் இல்லை" என்று இருந்துவிடாதீர்கள். எலும்பும் தேய்கிறது. வைத்தியரிடம் கூட்டிச் செல்லுங்கள். விரதத்தை முருகன் பொறுத்துக்கொள்வார்.

ஓராண்டு முயன்றும் பிள்ளை இல்லையெனில் கணவன், மனைவி இருவருமே பரிசோதனைக்குப் போகவேண்டும்; பெண்ணுக்கு வயது 35 ஐத் தாண்டினால் ஆறு மாதத்திலேயே. கணக்கின் ஒரு பக்கத்தை மட்டும் பார்த்து எவரும் தீர்ப்பெழுதுவதில்லை. "மலடி" என்ற சொல்லை நாம் ஊரிலிருந்து கொண்டுவந்திருந்தால், அதை இங்கேயே கைவிடுவோமாக.