வேதிப் பொறியியல் படிக்க விரும்பும் தோழியர்க்கு

பொதுத் தேர்வு நெருங்கும்போதே, "அடுத்து என்ன குரூப்?" என்று உறவினர் கேட்கத் தொடங்கிவிடுகின்றனர். "கெமிக்கல் இன்ஜினியரிங்" என்று நான் சொன்னால், "ஓ, கெமிஸ்ட்ரியா!" என்கிறார்கள். தோழியரே, இரண்டும் ஒன்றல்ல.

வேதியியல் அறிஞர் ஒரு பொருளைச் சோதனைக் குழாயில் உண்டாக்கிக் காட்டுகிறார். அதையே நாள்தோறும் பல டன் அளவில், கட்டுபடியாகும் விலையில், யாருக்கும் தீங்கின்றி உண்டாக்குவது வேதிப் பொறியாளரின் தொழில். பாத்திரத்தைப் பெரிதாக்கினால் போதாதா என்று தோன்றும். நாலு பேருக்குச் சாம்பார் வைக்கும் அம்மா, நானூறு பேருக்கு என்றால் ஏன் சமையற்காரரைத் தேடுகிறார்? ஒரு கலத்தின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் இரட்டிப்பாக்கினால் கொள்ளளவு 8 மடங்காகும். வெளிப்பரப்போ 4 மடங்குதான். வினையில் பிறக்கும் வெப்பம் கொள்ளளவைப் பொறுத்தது. அது வெளியேறுவது பரப்பைப் பொறுத்தது. ஆகவே சிறு குடுவையில் சாதுவாக இருந்த வினை பெருங்கலத்தில் பொங்கி எழலாம். நம் கணக்குப் புத்தகத்தின் அளவியல் பாடம்தான் இது!

அம்மோனியாவின் கதையும் இதுவே. காற்றிலுள்ள நைட்ரஜனை ஹைட்ரஜனுடன் சேர்த்து அம்மோனியா ஆக்க முடியும் என்று 1909-இல் ஜெர்மனியில் ஃபிரிட்ஸ் ஹேபர் மேசைமேல் காட்டினார். அதை ஆலையாக்கும் பொறுப்பு கார்ல் போஷ் என்பவருக்கு வந்தது. மிகுந்த அழுத்தத்திலும் வெப்பத்திலும் ஹைட்ரஜன் எஃகுக்குள் புகுந்து அதிலுள்ள கார்பனைத் தின்றது, குழாய்கள் வெடித்தன. போஷ் உட்புறம் மெல்லிரும்பு உறை பொருத்தி, வெளி எஃகில் சிறு துளைகள் இட்டு, கசியும் ஹைட்ரஜன் வெளியேற வழி செய்தார். 1913-இல் ஓப்பாவில் ஆலை ஓடியது. நம் வயல்களுக்கு வரும் யூரியா இன்றும் அந்த வழியில் பிறக்கும் அம்மோனியாவிலிருந்தே வருகிறது.

இப்படிப்பில் வேதியியலைவிடக் கணக்கும் இயற்பியலும்தான் அதிகம். திரவம் குழாயில் ஓடும் விதம், வெப்பம் கடக்கும் விதம், கலவையைக் காய்ச்சிப் பிரிக்கும் முறை ஆகியவை முக்கியப் பாடங்கள். வேதியியல் மட்டும் பிடித்து, கணக்கென்றால் நடுங்குபவர்கள் பி.எஸ்ஸி. வேதியியல் படிப்பதே நல்லது என்பது என் கருத்து. அதிலும் குறைவொன்றும் இல்லை.

பதினொன்றாம் வகுப்பில் கணிதம், இயற்பியல், வேதியியல் மூன்றும் உள்ள குழுவையே எடுக்க வேண்டும். தமிழகக் கலந்தாய்வில் கணிதம் 100-க்கும், மற்ற இரண்டும் 50-க்கு 50-க்குமாக, மொத்தம் 200-க்குக் கணக்கிடுகிறார்கள். கணிதத்தில் 90, இயற்பியலில் 80, வேதியியலில் 84 பெற்றால் 90+40+42, அதாவது 172. சென்னை ஐ.ஐ.டி., திருச்சி என்.ஐ.டி. ஆகியவற்றுக்குத் தனி நுழைவுத் தேர்வு உண்டு. கிண்டியில் 1944-இல் தொடங்கிய அழகப்பச் செட்டியார் தொழில்நுட்பக் கல்லூரி இன்று அண்ணா பல்கலைக்கழகத்தின் அங்கம். அதே வள்ளல் நிலமும் பொருளும் தந்து எழுந்த காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகத்திலும் இப்படிப்பு உண்டு. பத்தாம் வகுப்புக்குப் பின் பாலிடெக்னிக்கில் மூன்றாண்டு டிப்ளமோ முடித்து, பட்டப்படிப்பின் இரண்டாம் ஆண்டில் நேராகச் சேரவும் வழியுண்டு. செலவுக்கு அஞ்சும் பெற்றோர், முதல் பட்டதாரிக் கட்டணச் சலுகையையும், ஏ.ஐ.சி.டி.இ. மாணவியருக்கு ஆண்டுக்கு ரூ.50,000 தரும் 'பிரகதி' உதவித்தொகையையும் விசாரிக்கலாம்.

"ஆலையில் பெண்ணுக்கு என்ன வேலை?" என்று எங்கள் வீட்டிலும் கேட்டார்கள். அமெரிக்காவில் மார்கரெட் ஹட்சின்சன் 1937-இல் வேதிப் பொறியியலில் முனைவர் பட்டம் பெற்றார், எம்.ஐ.டி.யில் அத்துறையில் அப்பட்டம் பெற்ற முதல் பெண் அவரே. இரண்டாம் உலகப் போரின்போது பெனிசிலினைப் பேரளவில் தயாரிக்கும் முதல் ஆலையை வடிவமைத்தவரும் அவரே. நம் நாட்டில் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் இரவு 7 முதல் காலை 6 மணி வரை பெண்கள் ஆலையில் வேலை செய்வதைத் தடுத்தது. 2000-இல் சென்னை உயர்நீதிமன்றம் அத்தடை செல்லாது என்று தீர்ப்பளித்து, பாதுகாப்புக்கும் போக்குவரத்துக்கும் நிபந்தனைகள் விதித்தது.

அப்பாவின் அச்சம் வேறு. 1984 டிசம்பர் 2-ஆம் நாள் இரவு போபாலில் நடந்ததை அவர் மறக்கவில்லை. மீத்தைல் ஐசோசயனேட் தொட்டிக்குள் நீர் புகுந்தது, வெப்பம் மிகுந்து நச்சு வாயு ஊருக்குள் பரவியது, ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். தொட்டியைக் குளிர்விக்கும் இயந்திரம் முன்பே நிறுத்தப்பட்டிருந்தது. வாயுவை எரித்தழிக்கும் கோபுரமும் அன்று இயங்கும் நிலையில் இல்லை. "இதைக் கேட்டுமா போகிறாய்?" என்றார் அப்பா. அந்தக் குளிர்விப்பானை நிறுத்தக் கூடாது என்று சொல்லும் இடத்தில் யாராவது இருக்க வேண்டுமல்லவா என்றேன். அவர் பதில் சொல்லவில்லை; ஆனால் முதல் குரூப்புக்கு விண்ணப்பிக்கச் சம்மதித்திருக்கிறார்.