பெயர் ஒன்று, டப்பா இரண்டு



மேற்படிப்புக்காக இலண்டன் சென்ற நண்பர் ஒருவர், 'பேக்டு பீன்ஸ்' என்னும் தகர டப்பா உணவைப் புகழ்ந்து எழுதியிருந்தார். சமைக்கத் தெரியாதவனுக்கு அதுவே துணை என்றும், அதில் இறைச்சி கலவாது என்றும் அவர் கூறியதை நம்பி, அமெரிக்காவில் படிக்கும் மற்றொரு நண்பர் அதே பெயருள்ள டப்பாவை வாங்கினார். அவர் சைவர். முதற் கரண்டியிலேயே பன்றிக் கொழுப்புத் துண்டு ஒன்று வந்தது. பெயர் ஒன்றாயிருக்கப் பொருள் ஏன் வேறாயிற்று என்று தேடிப் படித்தேன். கண்டவற்றை ஈண்டுக் கூறுகிறேன்.

விதையில் வேற்றுமை பெரிதன்று. இரு நாட்டு டப்பாவிலும் பெரும்பாலும் இருப்பது 'நேவி பீன்' என்னும் சிறு வெள்ளைப் பயறு. அமெரிக்கக் கடற்படையினர் நெடுங்காலம் உண்டு வந்தமையால் அதற்கு அப்பெயர். நம் விடுதியில் சோற்றோடு வரும் ராஜ்மாவும் இதுவும் ஒரே இனம். நிறமும் பருமனுமே வேறு. இவ்வினத்தின் தாயகம் அமெரிக்கக் கண்டம். ஆங்கிலேயர் தம் தேசிய உணவுபோல் கொண்டாடும் இப்பயறு, நெடுங்காலமாக வட அமெரிக்காவிலிருந்து கப்பலேறியே அவர்கள் நாட்டுக்கு வந்திருக்கிறது!

வேற்றுமையெல்லாம் குழம்பில்தான். அமெரிக்க முறையின் ஊற்று பாஸ்டன் நகரம். அங்குக் குடியேறிய பியூரிடன் சமயத்தார் ஞாயிற்றுக்கிழமை ஓய்வுநாளில் அடுப்பு மூட்டமாட்டார்கள். ஆதலால் சனிக்கிழமையே பயற்றையும் உப்பிட்ட பன்றி இறைச்சியையும் மண்பானையில் இட்டு அடுப்பினுள் வைத்து, பல மணி நேரம் மெல்ல வேகவிட்டு, மறுநாளும் உண்டனர். இனிப்புக்கு அவர்கள் சேர்த்தது மொலாசஸ், அதாவது சர்க்கரை எடுத்தபின் எஞ்சும் கரும்பாகு. மேற்கிந்தியத் தீவுகளில் ஆப்பிரிக்க அடிமைகள் உழைத்த கரும்புத் தோட்டங்களிலிருந்து வந்தது அது. அப்பாகில் பெரும்பகுதி ரம் வடிக்கப் போயிற்று. சிறுபகுதி பானைக்குள் சென்றது. ஒரு வட்டாரத்தின் சுவை எத்தகைய வாணிபத்தின்மேல் நின்றது என்பதை அறியும்போது அந்த இனிப்பு எனக்குச் சற்றே கசக்கிறது.

இங்கு ஒரு வேதியியல் நுட்பமும் உண்டு. அத்தனை நேரம் வெந்தும் பயறு கூழாகாமல் முழுதாய் நிற்பது எவ்வாறு? கரும்பாகிலுள்ள சர்க்கரையும் சுண்ணாம்புச் சத்தும் புளிப்பும் பயற்றின் அணுச்சுவரைப் பிணைக்கும் பெக்டினை எளிதில் கரையவிடா. தக்காளியின் புளிப்பும் இவ்வேலையையே செய்யும். புளி சேர்த்தபின் பருப்பு வேகாது என்று நம் வீடுகளில் சொல்வது இதைத்தான்.

தக்காளி டப்பாவின் கதைக்கு வருவோம். அதுவும் அமெரிக்கச் சரக்கே. பிட்ஸ்பர்க் நகரின் பக்கத்தில் 1869-இல் தொழில் தொடங்கிய ஹைன்ஸ் என்பவர், 1886-இல் இலண்டன் சென்று, ஃபார்ட்னம் அண்டு மேசன் என்ற செல்வர் கடையில் தம் பண்டங்களுக்கு இடம் பிடித்தார். தக்காளிக் குழம்பில் இட்ட பயற்றை அவர் நிறுவனம் 1895-இல் விற்பனைக்குக் கொணர்ந்தது. 1928-இல் அதனை இங்கிலாந்திலேயே செய்யத் தொடங்கினர். அக்காலத்தில் ஆங்கில டப்பாவிலும் பன்றித் துண்டு இருந்தது. அதை நீக்கியது சுவையன்று, போர். இரண்டாம் உலகப்போரில் இறைச்சிக்குப் பங்கீடு வந்தது. டப்பாவிலிருந்து பன்றி வெளியேறியது. 1954-இல் பங்கீடு முடிந்தது. ஆனால் பன்றி திரும்பவில்லை. அதற்குள் ஒரு தலைமுறையின் நாக்கு தக்காளிக்குப் பழகிவிட்டது. 1959-இல் விகன் நகரருகே பெருந்தொழிற்சாலை ஒன்றும் எழுந்தது.

அமெரிக்காவிலோ பழைய பானையின் நினைவு மறையவில்லை. குழம்பு பழுப்பு நிறம்; கரும்பாகோ பழுப்புச் சர்க்கரையோ, கடுகு, வெங்காயம், புகையூட்டிய பன்றி இறைச்சி ஆகியவை சேரும். இனிப்பு ஆங்கில டப்பாவினும் ஏறத்தாழ இருமடங்கு. வெயிற்கால விருந்தில் சுட்ட இறைச்சியின் பக்கத்தில் ஒரு கரண்டி வைப்பார்கள், அது துணைக்கறி. ஆங்கிலேயருக்கோ வாட்டிய ரொட்டியின்மேல் ஊற்றினால் அதுவே ஒருவேளை உணவு. அமெரிக்க டப்பாவில் இறைச்சியும் பெயரளவுக்கே. 'போர்க் அண்டு பீன்ஸ்' என்பது மிகச் சிறிதே பன்றி கொண்ட பண்டம் என்று மக்கள் நெடுங்காலமாக அறிவர் என அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகமே எழுதி வைத்திருக்கிறது! ஆனால் சிறிதாயினும் சைவனுக்குப் பன்றி பன்றிதானே.

'பேக்டு' என்றால் அடுப்பினுள் சுட்டது என்று பொருள். ஆங்கில டப்பாப் பயறு அடுப்பைக் காண்பதேயில்லை. வெந்நீரில் சிறிது வெந்த பயற்றைக் குழம்போடு டப்பாவில் அடைத்து மூடி, அழுத்தமிகு நீராவியில் ஏறத்தாழ 120 டிகிரி வெப்பத்தில் வேகவைக்கிறார்கள். கொடிய நஞ்சை விளைவிக்கும் பாட்டுலினம் நுண்ணுயிரின் வித்துக்கள் கொதிநீர் வெப்பத்துக்கு அழியா. ஆதலால் அவ்வளவு சூடு வேண்டும். அமெரிக்காவில் சில நிறுவனத்தார் செங்கல் அடுப்பில் பானையோடு சுட்டு, பிறகே டப்பாவில் அடைத்து வந்தனர்.

கடல் கடக்கப் போகிறவர்கள் குறித்துக்கொள்ள ஒன்று: ஆங்கில நாட்டில் இறைச்சி கலந்த டப்பாவே அதனை முகப்பில் பெரிதாகச் சொல்லும். அமெரிக்காவில் இறைச்சி இல்லாததே 'வெஜிடேரியன்' என்று தன்னை அறிவித்துக்கொள்ளும். அச்சொல் இல்லையேல் பின்புறத்துச் சிற்றெழுத்துகளை முழுதும் படித்த பிறகு காசைக் கொடுங்கள்.