மூன்றாவது வரிசையில் ஒரு பையன்

ஜார்ஜ்டவுன், பினாங்கு
6 அக்டோபர் 2024

அன்புள்ள மகளுக்கு,

பெரியப்பா எழுதுகிறேன். நீ அனுப்பிய பக்கங்கள் வியாழக்கிழமை வந்தன. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இரண்டு தடவை படித்தேன். பினாங்கு ஃப்ரீ ஸ்கூல் பழைய மாணவர்களின் ஆண்டு மலரில் 'செய்திகளும் நினைவுகளும்' பகுதியை உன்னை நம்பிக் கொடுத்திருக்கிறார்கள். எனக்கு அதில் ரொம்பப் பெருமை. "ஆறாம் படிவம் மட்டும்தானே அங்கே படித்தேன், எனக்கு என்ன உரிமை" என்று நீ தயங்கியதாக உன் அப்பா சொன்னான். அந்தத் தயக்கமே வேண்டாம். ஃப்ரீ ஸ்கூலில் ஒரு நாள் படித்தாலும் ஃப்ரீ ஸ்கூல் பிள்ளைதான்.

உன் பக்கங்களில் பதினான்கு செய்திகள் இருக்கின்றன. ஐந்து பேருக்கு டத்தோ பட்டம், மூன்று சிறப்பு மருத்துவர்கள், ஒரு நீதிபதி, மற்றவர்கள் கம்பெனி இயக்குநர்கள். நினைவுப் பகுதியில் ஆறு பேர், அவர்களும் ஊரறிந்தவர்கள். மொழி சுத்தமாக இருக்கிறது, தேதிகளைச் சரிபார்த்திருக்கிறாய். ஆனால் படித்து முடித்ததும் எனக்கு ஒரு குறை தட்டியது. என்னோடு பெஞ்சில் உட்கார்ந்தவன் ஒருவன்கூட அதில் இல்லை. துறைமுகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன் இல்லை, லாரி ஓட்டியவன் இல்லை, பட்டர்வொர்த்தில் முப்பது வருடம் ஆரம்பப் பள்ளி ஆசிரியராக இருந்தவன் இல்லை.

பெரியவர்களின் செய்தி தானாகவே வந்து சேரும், அம்மா. வூ லியன் டேயைப் பார். பினாங்கில் பொற்கொல்லர் வீட்டில் 1879இல் பிறந்து, நம் பள்ளியில் படித்து, 1896இல் குவீன்ஸ் ஸ்காலர்ஷிப் வாங்கிக் கேம்பிரிட்ஜ் போனவர். 1910இல் மஞ்சூரியாவில் பிளேக் பரவியபோது, அந்த நோய் மூச்சுக்காற்றில் தொற்றுகிறது என்று கண்டுபிடித்து, பஞ்சும் துணியும் வைத்து முகக்கவசம் தைத்து எல்லோரையும் போட வைத்தவர். 1960இல் பினாங்கிலேயே காலமானார். பள்ளியில் அவர் பெயரில் ஓர் இல்லமே இருக்கிறது. கோவிட் வந்த வருடம் உலகமே அவரைத் தேடிப் படித்தது. அவரைப் பற்றி எழுத ஆயிரம் பேர் உண்டு, நீ ஒருத்தி எழுதாவிட்டால் அவருக்கு ஒன்றும் குறையாது.

சினிமாக் கலைஞர் பி. ரம்லியும் நம் பள்ளிதான். கவுன்டர் ஹால் பகுதியில் பிறந்த பையன். ஜப்பான்காரன் வந்ததும் அவர் படிப்பு பாதியில் நின்றது. நாடே தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடும் அந்தக் கலைஞர் இங்கே படிப்பை முழுதாக முடித்தவர் இல்லை. அவரை நம் பிள்ளை என்று சொல்லிக்கொள்ள நாம் யாரும் யோசிப்பதில்லை. அப்படியானால் பாதியில் நின்ற மற்றவர்களை ஏன் விட்டுவிடுகிறோம்? இந்தக் கேள்வியைக் கேட்க எனக்குத் தகுதி இருக்கிறதா என்று தெரியவில்லை. அப்படி விட்டுவிட்டவர்களில் முதல் ஆள் நான்தான். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதத்தையே எழுத உட்கார்ந்தேன்.

1966இல் நான் படிவம் ஒன்றில் சேர்ந்தேன். பள்ளிக்கு அது 150ஆவது வருடம். எனக்குப் பக்கத்து இடத்தில் உட்கார்ந்தவனின் அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்குபவர். கணக்கில் அவனை மிஞ்ச வகுப்பில் ஆள் கிடையாது. பள்ளி இருக்கும் கிரீன் லேனிலிருந்து நாங்கள் இரண்டு பேரும் ஒரே சைக்கிளில் வீட்டுக்கு வருவோம். மேட்டில் அவன் மிதிப்பான், இறக்கத்தில் நான் பிடித்துக்கொள்வேன். 1967 நவம்பரில் ஹர்த்தால் வந்து ஊரடங்கு போட்ட நாட்களில் மட்டும்தான் நாங்கள் ஒருவரை ஒருவர் பார்க்காமல் இருந்தோம்.

1969 மே மாதக் கலவரத்துக்குப் பிறகு ஊர் மாறிப்போனது. குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய பெர்மிட் வேண்டும் என்று சட்டம் இறுகியது. பினாங்கின் சுங்கவரியில்லாத் துறைமுகச் சலுகையும் அந்தக் காலத்தில்தான் போனது, துறைமுகத்தில் வேலை குறைந்தது. அவன் அப்பாவிடம் இருந்தது குடியுரிமை இல்லாதவர்களுக்கான சிவப்பு ஐ.சி. பெர்மிட் கிடைக்கவில்லை. அவரைப்போல ஆயிரக்கணக்கான தமிழ்க் குடும்பங்கள் அந்த இரண்டு மூன்று வருடங்களில் மூட்டை கட்டின. 1970இல் நாங்கள் ஐந்தாம் படிவம். தேர்வுக்கு நான்கு மாதம் இருக்கும்போது அவன் குடும்பம் ராஜுலா கப்பலில் நாகப்பட்டினத்துக்குப் புறப்பட்டது.

வழியனுப்பப் போனேன். கூட்டத்தில் அவன் அம்மா ஒரு தகரப் பெட்டியின் மேல் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். அவன் அழவில்லை. பையிலிருந்து தன் ஜியோமெட்ரி பெட்டியை எடுத்து என் கையில் வைத்து, "உனக்குத்தான் பரீட்சை இருக்கு, வச்சுக்க" என்றான். மூடியின் உள்பக்கத்தில் கவராயத்தின் முனையால் தன் பெயரின் முதல் எழுத்தைத் தமிழில் கீறி வைத்திருந்தான். அந்தப் பெட்டியோடுதான் நான் பரீட்சை எழுதினேன்.

நாகப்பட்டினத்துக்குப் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து இரண்டு கடிதம் போட்டான். முதல் கடிதத்துக்குப் பதில் எழுதினேன். இரண்டாவதற்கு எழுதவில்லை. வேலை தேடிக்கொண்டிருந்தேன் என்று இத்தனை வருடமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

பிறகு 1990களில் எங்கள் வகுப்புக்காரர்கள் சிலர் சேர்ந்து சுற்றறிக்கை ஒன்று தொடங்கினோம். யார் எங்கே இருக்கிறார்கள், யாருக்குக் கல்யாணம், யார் தவறினார்கள் என்று வருடத்துக்கு இரண்டு தாள். பெயர்ப் பட்டியல் தயாரித்தது நான். எதை வைத்துத் தயாரித்தேன் தெரியுமா? ஐந்தாம் படிவத் தேர்வு எழுதியவர்களின் பட்டியலை வைத்து. அதில் அவன் இல்லை. அவன் பெட்டி என் மேஜை இழுப்பறையில் இருந்தது, அவன் பெயர் என் பட்டியலில் இல்லை. பதினைந்து வருடம் அப்படியே தாள் போய்க்கொண்டிருந்தது.

2011இல் வேளாங்கண்ணிக்குப் போன உன் பெரியம்மாவோடு நானும் போனேன். பழைய உறையில் இருந்த விலாசத்தை வைத்து விசாரித்துக்கொண்டு அந்த ஊருக்குப் போனேன். வீடு இருந்தது. அவன் இறந்து மூன்று வருடமாகியிருந்தது. கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கெழுதியிருக்கிறான். அவன் மனைவி என்னை உட்காரச் சொல்லிவிட்டு உள்ளே போய் ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்தார். அதற்குள் அவர்கள் கப்பல் டிக்கெட், அவன் அப்பாவின் பாஸ்போர்ட், பிறகு ஒரு துண்டுத் துணி. பள்ளிச் சட்டைப் பையிலிருந்து பிரித்தெடுத்த நம் பள்ளிச் சின்னம். ஓரத்தில் வெள்ளை நூல் பிசிறு அப்படியே நின்றது. "சட்டை கிழிஞ்சுபோச்சு, இதை மட்டும் பிரிச்சு வச்சிருந்தாரு" என்றார் அந்த அம்மா.

நான் அங்கே என்ன பேசினேன் என்று நினைவில்லை. திரும்பி வந்ததும் அந்த வருடச் சுற்றறிக்கையில் அவனுக்கு அரைப் பக்கம் எழுதினேன். அதுதான் நான் எழுதியதிலேயே உருப்படியான அரைப் பக்கம். அவன் உயிரோடு இருக்கும்போது ஒரு வரி போட்டிருந்தால் அவனே அதைப் படித்திருப்பான்.

அதனால்தான் கேட்கிறேன், உன் பட்டியலைத் தேர்வு முடிவை வைத்துத் தொடங்காதே. சேர்க்கைப் பதிவேட்டிலிருந்து தொடங்கு. 1816இல் ஹட்சிங்ஸ் பாதிரியார் பள்ளிக்கு 'ஃப்ரீ' என்று பெயர் வைத்தபோது, கட்டணம் கிடையாது என்ற பொருளில் வைக்கவில்லை. எந்த இனத்துப் பிள்ளையும் எந்த மதத்துப் பிள்ளையும் வரலாம் என்ற பொருளில் வைத்தார். வாசலில் வந்து பெயர் கொடுத்த அத்தனை பேரும் உன் பட்டியலில் வரட்டும். கப்பலேறியவர்கள், கட்டணம் கட்ட முடியாமல் நின்றவர்கள், தேர்வில் தோற்றவர்கள் எல்லோரும்தான்.

எங்கே தேடுவது என்று கேட்பாய். நீ இங்கிலீஷ் பத்திரிகை மட்டும்தான் பார்க்கிறாய் என்று நினைக்கிறேன். ஸ்டார் பத்திரிகையில் அஞ்சலி விளம்பரம் கொடுக்கும் குடும்பம் ஒரு வகை. நம்முடைய வகுப்புத் தோழர்களில் பாதிப்பேர் வீட்டில் அந்தப் பத்திரிகை வாங்கியதே இல்லை. தமிழ்க் குடும்பம் என்றால் மலேசிய நண்பனிலோ மக்கள் ஓசையிலோ கண்ணீர் அஞ்சலி வரும். 2019 வரை தமிழ் நேசனிலும் வந்தது. முன்னெழுத்து, வீட்டில் கூப்பிடும் பெயர், பேரன் பேத்தி பெயர் எல்லாம் அதில் இருக்கும். சீன நண்பர்களுக்கு குவோங் வா. சன் யாட் சென் இங்கே தொடங்கி வைத்த பத்திரிகை அது, 1910இலிருந்து வருகிறது. பெயர் சீன எழுத்தில் இருப்பதால், பள்ளிப் பதிவேட்டில் ஹொக்கியன் உச்சரிப்பில் இங்கிலீஷ் எழுத்தில் எழுதிய பெயர்தான் இது என்று உனக்குப் புலப்படாது. ஒரு சீன நண்பரை வாரம் ஒரு தடவை பார்த்துச் சொல்லச் சொல். மலாய் நண்பர்களை அன்றைக்கே அடக்கம் செய்துவிடுவார்கள், பத்திரிகை வரும்வரை காத்திருந்தால் முடிந்துபோயிருக்கும். அவர்கள் பள்ளிவாசலுக்குப் போகும் ஒருவரின் கைப்பேசி எண் உன்னிடம் இருக்கட்டும். சீன வீடுகளில் சில இரவுகள் வைத்திருப்பார்கள், நேரம் கிடைக்கும். நம் ஆட்களை அன்றோ மறுநாளோ பத்து லஞ்சாங் மயானத்துக்குக் கொண்டுபோய்விடுவோம், ஆனால் பதினாறாம் நாள் ஒன்று இருக்கிறது. அன்றைக்குப் போ. முதல் நாள் கூட்டத்தில் பேசாத மனைவி பதினாறாம் நாள் பேசுவார்.

போகும்போது நோட்டுப் புத்தகத்தை எடுத்த எடுப்பில் திறக்காதே. பதவி, பட்டம் கேட்காதே. அவர் காலையில் எழுந்ததும் என்ன செய்வார், பள்ளியைப் பற்றி வீட்டில் எப்போதாவது பேசினாரா என்று கேள். பிஸ்கட் டின் தானாக வெளியே வரும்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். குடும்பத்தோடு நேரில் அல்லது தொலைபேசியில் பேசாமல் யாருடைய மரணத்தையும் அச்சுக்குக் கொடுக்காதே. எங்கள் சுற்றறிக்கையில் நான் அந்தத் தவறைச் செய்தேன். வகுப்பில் ஒரே பெயரில் இருவர், முன்னெழுத்து மட்டும் வேறு. ஒருவர் இறந்த செய்தி வாய்வழியாக வந்தது, நான் மற்றவருடைய முன்னெழுத்தைப் போட்டுவிட்டேன். உயிரோடு இருந்தவரின் மகள் ஈப்போவில் வேலை பார்த்தாள். யாரோ தாளைப் பார்த்து அவளுக்குத் துக்கம் விசாரிக்க, அந்தப் பிள்ளை வேலையைப் போட்டுவிட்டு அலறியடித்துக்கொண்டு வீட்டுக்கு ஓடிவந்திருக்கிறாள். மறுநாள் நான் சுங்கை பட்டாணிக்கு பஸ் ஏறி அவர் வீட்டுக்குப் போனேன். அவர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. "சாப்பிட்டுட்டுப் போ" என்று மட்டும் சொன்னார். அவர் மகள் பரிமாறினாள், என் முகத்தைப் பார்க்கவில்லை. இறந்துபோன மற்றவருக்கோ அவர் பெயரில் ஒரு சரியான வரி வர இன்னும் ஆறு மாதம் ஆனது. முன்னெழுத்தைத் தந்தை பெயரோடு சேர்த்து எழுது. அ/லெ (இன்னாரின் மகன்) போட்டு முழுப்பெயராக எழுது. இடம் போனாலும் பரவாயில்லை.

பட்டம் வாங்கியவர்களை எடுத்துவிடச் சொல்கிறேன் என்று நினைக்காதே. அவர்கள் உழைப்பும் உழைப்புதான். ஆளுக்கு இரண்டு வரி போதும். மிச்சமாகும் இடத்தை இந்த வருடம் மூன்று பேருக்குக் கொடு. மூன்று பேரை நான் யோசித்து வைத்திருக்கிறேன்.

வருகிற சனிக்கிழமை காலையில் இங்கே வா. ஜியோமெட்ரி பெட்டியை உனக்குக் காட்டுகிறேன். 1969இல் எடுத்த எங்கள் வகுப்புப் புகைப்படத்தையும் எடுத்து வைத்திருக்கிறேன். பின்பக்கத்தில் முப்பத்தொன்பது பேர் பெயரைப் பென்சிலால் எழுதிவிட்டேன். மூன்றாவது வரிசையில் இடமிருந்து ஐந்தாவது நிற்கும் பையனின் பெயர் மட்டும் வரவில்லை. காது கொஞ்சம் விரிந்திருக்கும், சட்டைக் கழுத்துப் பொத்தான் போட்டிருக்கமாட்டான். ஜெலுத்தோங்கில் குவே தியாவ் கடை வைத்திருக்கும் என் நண்பனுக்குத் தெரிந்திருக்கும், அவன் அந்தப் பையனோடு ஃபுட்பால் ஆடியவன். பத்து மணிக்கெல்லாம் கடையைக் கட்டிவிடுவான், அதனால் எட்டரைக்குள் வந்துவிடு. உன் நோட்டும் ஒரு பென்சிலும் எடுத்துக்கொள்.

அன்புடன்,
பெரியப்பா