கூகுள் எர்த்தில் நம்ம ஊர் மலை

பிள்ளைகள் படிக்கும் வீட்டில் கம்ப்யூட்டர் வாங்கியதும், கேம்ஸ் தவிர அதில் வேறென்ன செய்யலாம் என்ற கேள்வி வரும். நிலவியல் பாடத்திற்கு அதைப் பயன்படுத்திப் பாருங்கள். இமயமலையில் தொடங்க வேண்டாம். போளூர்க்காரர்களுக்கு மேற்கே ஜவ்வாது மலை இருக்கிறதே!

இதற்கு எந்த சாப்ட்வேரும் இன்ஸ்டால் செய்திட வேண்டியதில்லை. கூகுள் எர்த் 2005ல் வெளியானபோது தனி புரோகிராமாக டவுன்லோட் செய்ய வேண்டியிருந்தது. 2017 முதல் குரோம் பிரவுசரிலேயே திறக்கலாம். 2020ல் பயர்பாக்ஸ், எட்ஜ் ஆகியவற்றிலும் வந்துவிட்டது. தளத்தைத் திறந்து, தேடும் கட்டத்தில் போளூர் என டைப் செய்து என்டர் தட்டவும். வேறு ஊருக்குப் போய்விட்டால் திருவண்ணாமலை என்பதையும் சேர்த்துக் கொடுங்கள்.

மவுஸ் வீலைச் சுழற்றினால் ஊர் அருகில் வரும், விலகிப் போகும். இனிதான் முக்கியமான வேலை. ஷிப்ட் கீயை அழுத்தியபடி மவுஸை இழுக்கவும். காட்சி சாயும். அதுவரை பச்சைத் திட்டாகக் கிடந்த மலை எழுந்து நிற்கும். எழவில்லை என்றால் 3டி பட்டனைக் கிளிக் செய்திடவும்.

இப்போது மலைக்குள் ஓடும் பள்ளத்தாக்குகளைக் கவனியுங்கள். தண்ணீர் தானாக வழி தேடினால் வளைந்துதான் ஓடும். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது போல ஒரு பள்ளம் நேராகப் போனால், அங்கே பாறையில் வெடிப்பு இருக்கலாம். வெடித்த பாறை சீக்கிரம் அரிக்கப்படும். ஓடை அந்த வழியைப் பிடித்துக்கொள்ளும்.

இது வெறும் பரீட்சை விஷயம் இல்லை. நம் பகுதி கெட்டிப் பாறைப் பகுதி. நிலத்தடி நீர் பெரும்பாலும் மேலே உளுத்துப்போன பாறையிலும், கீழே உள்ள வெடிப்புகளிலும்தான் தங்கும். ஒருவர் போட்ட போரில் தண்ணீர் கொட்ட, பக்கத்து நிலத்தில் வெறும் புழுதி வருவது இதனால்தான். நிலவியலாளர்கள் சாட்டிலைட் படங்களில் இத்தகைய கோடுகளைத் தேடுகிறார்கள். அதற்காகத் திரையைப் பார்த்து போர் போட இடம் குறித்துவிடாதீர்கள்! வாய்க்காலும் பழைய வண்டிப்பாதையும்கூட நேராகத்தான் தெரியும். நிலத்தில் வந்து சோதித்த பிறகே முடிவு செய்ய வேண்டும்.

தெற்கே நகர்ந்தால் திருவண்ணாமலை. அந்த மலை ஒரு காலத்தில் எரிமலையாக இருந்தது என்று பலர் சொல்வார்கள். பிள்ளைகளையே சோதிக்க விடுங்கள். முதலில் அந்தமானில் உள்ள பேரன் தீவைத் தேடிச் சாய்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். இந்தியாவின் செயல்படும் எரிமலை அது, 2017லும் குமுறியது. நடுவே கூம்பு, சுற்றிலும் வளையமாகச் சுவர் தெரியும். பிறகு திருவண்ணாமலைக்குத் திரும்பினால், அப்படி எந்த வாயும் இல்லை. எரிமலை வாய் காலப்போக்கில் அழிந்திருக்கலாமே என்று ஒரு பிள்ளை கேட்டால், கெட்டிக்காரப் பிள்ளை. அதற்குப் பதில் வடிவத்தில் இல்லை, பாறையில் இருக்கிறது. இங்குள்ள பாறைகள் பூமியின் ஆழத்தில் உருவாகி, மேலே இருந்தவை அரித்துப் போனதால் வெளியே தெரிபவை.

பாறையைத் திரை காட்டாது. ஜவ்வாது மலையில் சார்னோக்கைட் என்ற பாறை நிறைய உண்டு. சென்னை பரங்கிமலையும் இதே இனம். கல்கத்தாவில் ஜாப் சார்னக் என்ற ஆங்கிலேயரின் கல்லறைக்கு இந்தக் கல்லைப் பயன்படுத்தியதால் இந்தப் பெயர் வந்தது. அடுத்த முறை ஜமுனாமரத்தூர் போகும்போது, சாலைக்காக வெட்டிய இடத்தில் பாருங்கள். புதிதாக உடைந்த முகம் எண்ணெய் தடவியது போல, கருநீலச் சாம்பல் நிறத்தில் மின்னும்.