மின்சாரத்துக்கு பிராண்டு தெரியாது: கிட்டார் வயரிங் பற்றிய நம்பிக்கைகளும் உண்மைகளும்

எலெக்ட்ரிக் கிட்டார் வாங்கிய கை சும்மா இருக்காது. கொஞ்ச நாள் வாசித்ததும் திருகுகளைக் கழற்றி உள்ளே பார்க்கத் தோன்றும். பார்த்தால் பெரிதாக ஒன்றும் இருக்காது: இரண்டு மூன்று பிக்கப், ஒரு சுவிட்ச், வால்யூம், டோன் குமிழ்கள், ஒரு கெப்பாசிட்டர், ஒரு ஜாக், கொஞ்சம் வயர். ஆனால் அந்தச் சின்னக் குழியைச் சுற்றி உலவும் கதைகளுக்குக் குறைவில்லை. அவற்றை நம்பிப் பணத்தைக் கொட்டியவர்களும் ஏராளம். உள்ளே ஓடும் சிக்னலுக்கு விலையும் தெரியாது, பிராண்டும் தெரியாது. எத்தனை ஓம், எத்தனை ஃபாரட், எத்தனை மில்லிமீட்டர் என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும்.

நம்பிக்கை: சத்தம் சுமாராக இருந்தால் முதல் வேலை பிக்கப்பை மாற்றுவது.

உண்மை: முதலில் எடுக்க வேண்டியது ஸ்க்ரூ டிரைவர், சால்டரிங் அயன் பிறகு. பிக்கப் என்பது காந்தமும், அதைச் சுற்றி முடி போன்ற செம்புக் கம்பியைப் பல ஆயிரம் முறை சுற்றிய சுருளும்தான். மேலே தந்தி அதிரும்போது காந்தப்புலம் கலைந்து, சுருளில் சிறு மின்னழுத்தம் பிறக்கிறது. தந்திக்கும் காந்தத்துக்கும் உள்ள தூரம் கொஞ்சம் மாறினாலே ஒலியின் அளவும் குணமும் மாறிவிடும்.

கடைசி ஃப்ரெட்டில் தந்தியை அழுத்திக்கொண்டு, தந்தியின் அடிப்பகுதிக்கும் பிக்கப்பின் காந்த முனைக்கும் இடையே அளந்து பாருங்கள். சிங்கிள் காயில் (ஒற்றைச் சுருள்) பிக்கப்புக்கு 2 முதல் 2.5 மில்லிமீட்டர் நல்ல தொடக்கம். தடித்த தந்திப் பக்கம் சற்றுக் கூடுதல் இடைவெளி. சத்தம் கூடட்டும் என்று மிகவும் உயர்த்தினால் காந்தமே தந்தியைப் பிடித்து இழுக்கும். அப்போது தடித்த தந்திகளில், மேல் ஃப்ரெட்டுகளில், ஒரே சுரம் இரண்டாகப் பிரிந்து அலைவதுபோல் கேட்கும். பிக்கப்பே கோளாறு என்று பலர் தூக்கி எறிவது இந்த நிலையில்தான். புதுத் தந்தி போட்டு, உயரத்தைச் சரிசெய்து, ஒரு வாரம் வாசித்த பிறகும் பிடிக்கவில்லை என்றால் மாற்றுவதைப் பற்றி யோசிக்கலாம்.

நம்பிக்கை: ஓம் கூடினால் பிக்கப்பின் சத்தமும் கூடும்.

உண்மை: ஒரே வகைப் பிக்கப்புகளை ஒப்பிட மட்டும் இந்த எண் ஓரளவு உதவும். மெல்லிய கம்பியில் சுற்றினால், அதே எண்ணிக்கைச் சுற்றுக்கே ஓம் எகிறிவிடும். காந்தத்தின் வலிமை பற்றி மல்டிமீட்டர் ஒன்றும் சொல்லாது. கிரெட்ஷ் கிட்டார்களின் ஃபில்டர்ட்ரான் பிக்கப் 4 முதல் 5 கிலோ ஓம்தான் காட்டும். கிப்சன் பாணி ஹம்பக்கர் (இரட்டைச் சுருள் பிக்கப்) 8 கிலோ ஓம் அளவில் இருக்கும். அதற்காக முன்னது பாதிச் சத்தத்தில் முனகுவதில்லை.

நம்பிக்கை: பழங்காலத்து, விலை உயர்ந்த கெப்பாசிட்டர் போட்டால் ஒலி இனிமையாகும்.

உண்மை: கிட்டார் உலகில் அதிகப் பணத்தைத் தின்ற நம்பிக்கை இதுதான். டோன் கெப்பாசிட்டர் ஒரு மதகு. உயர் அதிர்வெண்களை மட்டும் தரைக்கு (கிரவுண்ட்) வடித்துவிடும். குமிழைக் குறைக்கக் குறைக்க மதகு திறக்கிறது. குமிழ் 10இல் இருக்கும்போது மதகு ஏறத்தாழ மூடியே இருப்பதால், உள்ளே இருப்பது எண்ணெயில் ஊறிய காகிதமா, பாலியஸ்டரா, சாதாரண செராமிக் வில்லையா என்று காதால் கண்டுபிடிக்க வழியில்லை.

குமிழைக் குறைத்த பிறகு காதில் விழுவது அதன் அளவு. 0.022 மைக்ரோஃபாரடுக்கும் 0.047க்கும் வித்தியாசம் தெளிவாகத் தெரியும். 1954இல் வந்த முதல் ஸ்ட்ராட்டோகாஸ்டர்களில் 0.1 போட்டிருந்தார்கள், குமிழை முழுதாகக் குறைத்தால் கம்பளிக்குள் இருந்து வாசிப்பதுபோல் மந்தமாகிவிடும். பழைய காகிதக் கெப்பாசிட்டரை மாட்டியவருக்கு நிஜமாகவே வித்தியாசம் கேட்டிருக்கலாம். வயதாக ஆக அவற்றின் அளவு நகர்ந்துபோகும் என்பதே காரணம். பழையதையும் புதியதையும் மீட்டரில் ஒரே அளவாகப் பார்த்து மாட்டினால் மாயம் கலைந்துவிடும். 400 வோல்ட், 600 வோல்ட் தாங்கும் என்ற பெருமையும் வீண்: இங்கே ஓடுவது ஏறக்குறைய ஒரு வோல்ட்டுக்குள். சென்னை ரிச்சி தெருவில் சில ரூபாய்க்குக் கிடைப்பது போதும்.

நம்பிக்கை: வால்யூம் 10இல் இருந்தால் சிக்னல் நேராகப் போகும், குமிழின் மதிப்பு முக்கியமில்லை.

உண்மை: 10இல் வைத்தாலும் அந்தப் பொட்டென்ஷியோமீட்டர் சிக்னலுக்கும் தரைக்கும் நடுவே சுமையாக நிற்கிறது. மதிப்பு குறையக் குறைய உச்ச ஒலிகள் மழுங்கும். அதனால்தான் கூர்மையான சிங்கிள் காயிலுக்கு 250 கிலோ ஓமும், கனத்த ஹம்பக்கருக்கு 500 கிலோ ஓமும் வழக்கமாயின. ஆனால் மேலே அச்சிட்டதை அப்படியே நம்ப முடியாது. 20 சதவீதம் கூடுதல் குறைவு இயல்பு என்பதால், 250 என்று எழுதியது 200 ஆகவும் இருக்கலாம், 300 ஆகவும் இருக்கலாம். ஈயம் வைப்பதற்கு முன் அளந்து பார்ப்பது நல்லது. வால்யூமுக்கு லாக் (லாகரிதமிக்) வகை கேட்டு வாங்குங்கள். லீனியர் போட்டால் குமிழைத் திருப்பும் தூரத்தில் பெரும்பகுதிக்குச் சத்தம் குறைந்ததே தெரியாமல், கடைசியில் பொசுக்கென்று அடங்கும்.

வால்யூமைக் குறைத்தால் ஒலி மங்குவது குமிழ் கெட்டதற்கு அடையாளம் அல்ல. கேபிளுக்கும் ஒரு மீட்டருக்குச் சுமார் 100 பிக்கோஃபாரட் கெப்பாசிட்டன்ஸ் உண்டு. குமிழின் ஓமோடு சேர்ந்து அது உச்சத்தை விழுங்குகிறது. வால்யூம் குமிழின் உள்வரும் காலுக்கும் நடுக்காலுக்கும் இடையே 1000 பிக்கோஃபாரட் கெப்பாசிட்டரையும் 150 கிலோ ஓம் ரெசிஸ்டரையும் இணையாக வைத்தால் பெருமளவு சரியாகும். சில ரூபாய்ச் செலவில் இவ்வளவு பலன் தரும் மாற்றம் வேறில்லை.

நம்பிக்கை: உள்ளே செம்பு டேப் ஒட்டினால் இரைச்சல் அத்தனையும் போய்விடும்.

உண்மை: இரைச்சலில் இரண்டு வகை. டிம்மர், டியூப்லைட், சார்ஜர் போன்றவற்றிலிருந்து வரும் கரகரப்பை டேப் தடுக்கும், அதைத் தரையோடு இணைத்திருந்தால். ஆனால் டிரான்ஸ்ஃபார்மரின் காந்தப்புலத்திலிருந்து வரும் 50 ஹெர்ட்ஸ் உறுமல் மெல்லிய செம்பைத் தாண்டி வந்துவிடும். அதற்கு மருந்து எதிரெதிராக வைத்த இரண்டு சுருள்கள். கிப்சனில் சேத் லவர் 1955இல் காப்புரிமை கேட்ட ஹம்பக்கரின் தந்திரம் அதுவே: இரண்டிலும் உறுமல் எதிர்த் திசையில் வந்து ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும், தந்தியின் ஒலி மட்டும் கூடும். ஹம்பக்கரின் ஒரு சுருளை அணைத்துச் சிங்கிள் காயில் ஆக்குபவருக்கு உறுமல் திரும்பி வருவதும் இதனால்தான்.

தந்தியைத் தொட்டதும் இரைச்சல் குறைகிறதா? கவலை வேண்டாம், தந்தியிலிருந்து தரைக்குப் போகும் வயர் ஒழுங்காக இருக்கிறது என்று அர்த்தம். கவலைப்பட வேண்டியது சுவரில் உள்ள பிளக்கைப் பற்றி. அந்தத் தரை வயர் ஆம்ப் வழியாக வீட்டு எர்த்தோடு சேர்கிறது. ஸ்டோன் தி குரோஸ் குழுவின் கிட்டார் கலைஞர் லெஸ்லி ஹார்வி 1972இல் ஸ்வான்சீ நகர மேடையில், சரியாக எர்த் செய்யாத மைக்கைத் தொட்டு மின்சாரம் பாய்ந்து இறந்தார். ஆம்ப் பிளக்கின் மூன்றாவது பின்னை உடைப்பதைவிட உறுமலோடு வாசிப்பது மேல்.

நம்பிக்கை: பிக்கப்பைத் திருப்பி மாட்டினால் பீட்டர் கிரீனின் ஒலி வரும்.

உண்மை: ஃப்ளீட்வுட் மேக் குழுவைத் தொடங்கிய பீட்டர் கிரீனின் 1959 லெஸ் பால் கிட்டாரில், சுவிட்ச் நடுவில் இருக்கும்போது மூக்கால் பாடுவதுபோல் ஒரு குரல் வரும். கழுத்துப் பக்கப் பிக்கப் அதில் திரும்பி மாட்டப்பட்டிருந்தது கண்ணுக்குத் தெரிந்ததால், காரணம் அதுதான் என்று கதை பரவியது. ஆனால் பிக்கப்பைப் படுக்கைவாக்கில் அரைவட்டம் சுழற்றுவதால் சுருளின் திசையும் மாறாது, காந்தத்தின் மேல் கீழும் மாறாது. மாறியிருந்தது உள்ளே இருந்த காந்தக் கட்டை. அது புரண்டிருந்ததால் இரண்டு பிக்கப்புகளும் ஒன்றுக்கொன்று எதிராக இயங்கி, அடி ஒலிகளை அழித்தன. அந்தக் குரல் வேண்டுமென்றால் ஒரு பிக்கப்பின் இரண்டு வயர்களை இடம் மாற்றினால் போதும். உலோக மூடி உள்ள பிக்கப்பில் மூடியின் தரை இணைப்பை மட்டும் தனியே பிரித்துவிட வேண்டும். வெவ்வேறு கம்பெனிப் பிக்கப்புகளைக் கலந்து மாட்டியவருக்கு இதே குரல் கேட்காமலே வந்து சேருவதும் உண்டு. பரிகாரமும் அதே வயர் மாற்றம்தான்.

நம்பிக்கை: சுவிட்ச் கூடினால் ஒலியும் கூடும்.

உண்மை: கிட்டார் கலைஞர் பிரையன் மே தன் தந்தையோடு 1963இல் செய்யத் தொடங்கிய ரெட் ஸ்பெஷல் கிட்டாரில் மூன்று பிக்கப்புக்கு ஆறு சுவிட்ச். இன்னொரு கலைஞர் எடி வான் ஹேலன் தானே பூட்டிய ஃப்ராங்கன்ஸ்டைன் கிட்டாரில் வேலை செய்தது ஒரு ஹம்பக்கரும் ஒரு வால்யூமும். அந்தக் குமிழின் மேல் ‘டோன்’ என்று எழுதியிருந்ததுதான் வேடிக்கை. இருவரும் தங்களுக்கு என்ன ஒலி வேண்டும் என்று தெரிந்து வயர் இழுத்தவர்கள். ஸ்ட்ராட்டோகாஸ்டரின் மூன்று நிலைச் சுவிட்சை இரண்டு நிலைகளுக்கு நடுவே நிறுத்தி வாசித்தவர்களால்தான் ஐந்து நிலைச் சுவிட்ச் பிறந்தது. ஃபெண்டர் அதைத் தொழிற்சாலையிலேயே போடத் தொடங்கியது 1977இல்.

நம்பிக்கை: கைவைத்தால் கிட்டாரின் மதிப்பு போய்விடும்.

உண்மை: பழைய அசல் கிட்டார் என்றால் ஈயப் பொட்டைக்கூடத் தொடாதீர்கள், சேகரிப்பாளர் பார்ப்பது அதைத்தான். இன்று கடையில் வாங்கியதற்கு அந்தப் பயம் வேண்டாம். பிரிப்பதற்கு முன் வயரிங்கைப் படம் எடுங்கள், கழற்றிய பாகங்களை ஒரு டப்பாவில் போட்டுவையுங்கள், மரத்தைக் குடையாதீர்கள். விற்கும்போது பழையபடி மாட்டிக் கொடுத்துவிடலாம். கிட்டார் கலைஞர் டேவிட் கில்மோரின் கறுப்பு ஸ்ட்ராட்டோகாஸ்டரில் பிக்கப், சுவிட்ச், கழுத்து என்று மாற்றாதது குறைவு. 2019 ஏலத்தில் அது 39 லட்சத்து 75 ஆயிரம் டாலருக்குப் போனது. அந்த விலை கில்மோரின் கைக்குக் கொடுத்தது. நம் கிட்டாரில் துளை போட்டால் அது வெறும் துளைதான்.