போரில் மாண்டோரை நினைத்தல்: பௌத்தர் கடன்

பஞ்சசீலத்தின் முதற் சீலம் உயிர்க்கொலையை விலக்குகின்றது. நம் முன்னோருள் பலரோ படையிற் பணியாற்றியவர்கள். சிலர் கடல்கடந்த நாடுகளிற் போர்க்களத்தே மாண்டனர். தம்மத்தைச் சரணடைந்த நாம் அவர்களைப் போற்றலாமா? போற்றின், எம்முறையிற் போற்றுவது? இவ்வினாக்களை ஒவ்வொன்றாக ஆராய்வோம்.

முதலாவது, நாம் யாரை நினைக்கின்றோம்?

பெங்களூருக்குத் தெற்கேயுள்ள பேகூர் நாகேசுவரர் கோயிலில், ஏறத்தாழ கி.பி. 890-ம் ஆண்டைச் சார்ந்த வீரக்கல் ஒன்றுண்டு. நாகத்தரன் என்னும் தலைவனைச் சார்ந்த ஒருவர் பெங்களூர்ப் போரில் உயிர்நீத்த செய்தியை அஃது உரைக்கின்றது. இந்நகரின் பெயர் காணப்பெறும் மிகப் பழைய சான்று இதுவென்பர். மாநகரின் பெயரைக் காத்துத் தந்தது அரசனின் புகழுரையன்று. போரில் மடிந்தோர் நினைவுக்கல்லே.

பிரிகேட் சாலையில், முதல் உலகப்போரில் மாண்ட சென்னைப் பயனியர் படையினருக்கு ஒரு நினைவுத்தூண் நிற்கின்றது. பாதையமைத்தலும் அகழி தோண்டுதலும் அப்படையினரின் முதன்மையான தொழில்கள். அல்சூர் ஏரியருகே, 1780-ம் ஆண்டிற் தோன்றிய மதராஸ் சாப்பர்ஸ் படையின் நிலையம் உள்ளது. அப்படையின் சிப்பாய்க்குத் ‘தம்பி’ என்பதே வழங்கும் பெயர்.

அத்தம்பிமாருள் ஒருவர் காஞ்சிபுரம் வட்டாரத்தைச் சேர்ந்த சுபேதார் சுப்பிரமணியன். 1944-ம் ஆண்டு பிப்ரவரி 24-ம் நாள், இத்தாலியில் மிஞ்ஞானோ என்னும் ஊரருகே, காயமுற்றோரை மீட்பதற்காகக் கண்ணிவெடிகளை அகற்றி வழிசெய்துகொண்டிருந்தார். பின்வந்த ஒருவர் வெடியை மிதித்துவிட்டார். சுப்பிரமணியன் அவ்வெடியின்மீதே விழுந்து, தம் உடலால் அதனை மறைத்துப் பிறரைக் காத்து உயிர்நீத்தார். அவருக்கு ஜார்ஜ் சிலுவை விருது வழங்கப்பட்டது. பகைவரை எதிர்த்துப் பொருத வீரத்திற்கு உரிய விருதன்று அது. உயிர்காக்கும் துணிவு முதலிய ஏனைய வீரச் செயல்களுக்கு உரியது.

இரண்டாவது, தம்மம் கூறுவது யாது?

படைத்தலைவன் ஒருவன் பகவனை அணுகி, போரில் முயன்று மடிபவன் தேவருலகு எய்துவான் என்று பழைய ஆசிரியர் கூறுவது மெய்யோ என வினவினான். பகவன் இருமுறை விடை கூற மறுத்தார். மூன்றாம் முறையும் வேண்டவே, ‘இவர்கள் கொல்லப்படுக’ என எண்ணி மடிபவன் சித்தம் முன்னரே தாழ்ந்துவிட்டது. அது நற்கதி சேராது என்றார். தன்னை இத்துணைக் காலம் ஏமாற்றினரே என்று அவன் அழுதான். இச்செய்தி சம்யுத்த நிகாயத்தில் உள்ளது.

இவ்விடை கடுமையானதே. எனினும், இதன் பொருளை நன்கு உணர்தல் வேண்டும். பகவன் அளந்தது உடுத்த சீருடையையன்று, உள்ளத்து எண்ணத்தை. சேதனையே கருமம் என்பது அவர் போதனையன்றோ? பிறரைக் காக்க வெடியின்மீது விழுந்தவரின் செயலில், கொல்லும் எண்ணத்தையா காண்கின்றோம்? ஆதலின், படைவீரர் அனைவரையும் இகழ்தலும் தவறு. போரிற் சாதலே சுவர்க்க வாயில் எனப் புகழ்தலும் தவறு.

அசோகச் சக்கரவர்த்தியின் பதின்மூன்றாம் பாறைச் சாசனம் இதற்கு வழிகாட்டும். கலிங்கப் போரில் 1,00,000 பேர் கொல்லப்பட்டனர் என்றும், 1,50,000 பேர் சிறைகொண்டு செல்லப்பட்டனர் என்றும் அஃது அறிவிக்கின்றது. அவர்கள் அவன் படையினரல்லர், தோற்ற நாட்டினர். வென்றவனே தோற்றோரின் துயரைக் கல்லில் எழுதி வருந்தினான். பௌத்தர் நினைவுகூரும் முறை இதுவே.

மூன்றாவது, நாம் செய்யத்தக்கவை யாவை?

ஒன்று: நினைவுநாளில் திரிசரண பஞ்சசீலம் கூறி, மைத்திரி தியானம் செய்து, தானமளித்து, அப்புண்ணியத்தை மாண்டோர்க்குப் பகிர்ந்தளித்தல். அதிற் பகைவரையும் சேர்த்தல் வேண்டும். 2009-ம் ஆண்டு முடிவுற்ற இலங்கைப் போரில் மாண்ட தமிழர், சிங்களர், முஸ்லிம்கள் யாவரையும் ஒரே நினைவில் ஏந்தவல்லவனே மைத்திரி உடையவன்.

இரண்டு: உயிரோடு திரும்பியோரைப் பேணுதல். ஆண்டுதோறும் டிசம்பர் 7-ம் நாள் கொடிநாள் நிதி திரட்டப்படுகின்றது, இயன்றதை ஈக. அதனினும் மேலானது, ஓய்வூதிய விண்ணப்பம் எழுத அறியாத முதியவருக்கும் கைம்பெண்ணுக்கும் நம் கற்ற இளைஞர் உடனிருந்து எழுதிக்கொடுத்தல்.

மூன்று: அவர்கள் கூறுவதைப் பொறுமையுடன் கேட்டல். போரின் துயரை அறிந்தவர் சொல்லே சமாதானத்திற்கு உறுதியான சாட்சி. பகையாற் பகை தணியாது என்பதை நாம் நூலிற் கற்றோம். அவர்களோ களத்திற் கண்டனர்.

கல் நாட்டுதல் அரசாங்கத்தால் ஆகும். மாண்டோரின் வீட்டில் விளக்கு அணையாமல் காத்தல் நம் கடன்.